ஒன்றாம் இடத்துக்கு ஒரு காரணம்

வெர்லின் ஹூக்ஸ்ட்ராவின் வீட்டுக்கு முன்னால் புல்வெளியில் தங்க வண்ணம் பூசிய கழிப்பறைப் பீங்கான் ஒன்று நின்றது. இருட்டத் தொடங்கினால் அதைச் சுற்றிய குட்டி விளக்குகள் தாமாகவே எரியும். வீடு விற்பனைக்கு என்ற பலகை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் காரை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் குறைத்து, பார்த்துவிட்டு, ஷெபோய்கன் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள்.

அது எங்கள் லீக்கின் தண்டனை. முந்தைய ஆண்டு கடைசியாக வந்தவன் அதை அடுத்த தேர்வு நாள்வரை வாசலில் வைத்திருக்க வேண்டும். லீக் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்கள், ஆளுக்கு ஒரு கற்பனை அணி. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில், அமெரிக்கக் கால்பந்தில், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிஜ வீரர்களை ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வோம், அதுதான் தேர்வு நாள். அவர்கள் ஓடினால் எங்களுக்குப் புள்ளி. அவர்களுக்கு முழங்கால் போனால் எங்களுக்குத் தூக்கம் போகும். நாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

வெர்லினின் மனைவி மார்சிக்கு வடக்கே துலூத்தில் பள்ளித் தலைமையாசிரியை வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வீட்டை விற்றால்தான் அங்கே ஒரு வீடு. பீங்கான் இருக்கும்வரை வீடு விற்காது. இது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. வெர்லின் லீக் கமிஷனரைப் பார்க்கப் போனான்.

கமிஷனர் ராண்டல் டோம்ப்ராவ்ஸ்கி கவுண்டி வடிகால் துறையில் உதவி மேற்பார்வையாளர். அங்கே அவனுக்குக் கீழே ஒரே ஒருவர் வேலை பார்க்கிறார், அவரும் பகுதி நேரம். லீக்கில் அவனுக்குக் கீழே பதினோரு பேர். ஆகவே அவன் வாழ்ந்தது லீக்கில்தான். அவனுடைய கேரேஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் படகுக்கும் நடுவே, ஒரு மேசையும் சின்னக் கொடியும் இருக்கும். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ராண்டல், அந்தச் சாமானைக் கொஞ்சம் பின்பக்கம் தள்ளி வச்சுக்கிறேன்டா. வீடு பாக்க வர்றவங்க மிரளுறாங்க" என்றான் வெர்லின்.

"கமிஷனர்னு கூப்பிடு."

"உன் கல்யாணத்துல உனக்கு மாப்பிள்ளைத் தோழனா நின்னவன்டா நான்."

"அது சீசனுக்கு வெளிய நடந்தது." ராண்டல் சாசனத்தைப் புரட்டினான். எங்கள் லீக்குக்கு சாசனம் உண்டு. தேவாலயத்துக்கு இருப்பதைவிடக் கனமானது. "முன்வாசல்னு இருக்கு வெர்லின். பின்வாசல்னு இருந்திருந்தா நான் எதுக்கு உன்னத் தடுக்கப் போறேன்?"

"அத எழுதினதே நீதானே?"

"அதனாலதான் மீற முடியல. வேற எவனாவது எழுதியிருந்தா நானே இந்நேரம் திருத்தியிருப்பேன்."

"சரி, தேர்வு நாள் எப்ப?"

"வரிசை முடிவான அடுத்த சனிக்கிழமை. தேர்வு முடிஞ்ச நிமிஷம் நானே டிரக்கோட வந்து தூக்கிட்டுப் போறேன். என் வார்த்தை."

"வரிசை எப்ப முடிவாகும்?"

ராண்டல் பரிதாபமாக அவனைப் பார்த்தான். கடல் எப்போது முடியும் என்று கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல.

வரிசை என்றால் யார் முதலில் வீரரைப் பொறுக்குவது என்பது. ஒன்றாம் இடத்தில் இருப்பவன் நாட்டிலேயே நல்ல ஆட்டக்காரனை எடுப்பான். ஆனால் அடுத்த சுற்று பாம்புபோலத் திரும்பிவரும், அவன் மறுபடி எடுப்பதற்குள் மற்ற பதினோரு பேரும் இரண்டு முறை எடுத்து முடித்திருப்பார்கள். பன்னிரண்டாம் இடத்தில் இருப்பவன் மிச்சத்தை எடுப்பான், ஆனால் இரண்டைச் சேர்த்து எடுப்பான். நடுவில் இருப்பவனுக்கு இரண்டு கஷ்டமும் பாதிப் பாதி. எந்த இடம் நல்லது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதைப்பற்றி ஆண்டு முழுவதும் பேச முடிந்தது. ஜூலை மாதத்தில் பெண்டாட்டி பெயரை மறந்தவன்கூட ஒன்பதாம் இடத்தின் நன்மைகளை வரிசையாகச் சொல்வான்.

முன்பெல்லாம் தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்குவோம். சீட்டு மடிந்த விதம் சரியில்லை என்று ஒரு வழக்கு வந்தது. அதிலிருந்து, வரிசையை மனிதக் கை தொடக்கூடாது என்று சாசனம் திருத்தப்பட்டது. அந்த வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிடப் போகும் சப்பர் கிளப் உணவகத்தின் பின்னறையில் ராண்டல் எழுந்து நின்றான்.

"நண்பர்களே, மனுஷன் பொய் சொல்லுவான். இயந்திரம் கெட்டுப்போகும். ஆனா ஒரு மாடு, அதுக்கு வர்றப்ப, யாருக்காகவும் நடிக்காது."

கைதட்டல் எழுந்தது. லூத்தரன் தேவாலயத்தில் கூரை நிதிக்காக வருஷா வருஷம் நடத்தும் மாட்டுச் சாணிக் குலுக்கல்தான் அது. மைதானத்தில் சுண்ணாம்பால் கட்டங்கள் போட்டு மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் சாணி விழுகிறதோ அந்தக் கட்டத்துக்காரனுக்குப் பரிசு. எங்களுக்குப் பரிசு, முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஜெயித்தவன் தேர்ந்தெடுத்த பிறகுதான் மற்றவர்கள் தேர்ந்தெடுக்க முடியும்.

"இடத்தையே குடுத்துடலாமே? எதுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்குற உரிமை?" என்று கேட்டான் வெர்லின்.

பக்கத்தில் இருந்தவன் அவன் தோளைத் தட்டி, "சாப்பிடு வெர்லின்" என்றான்.

எங்களில் ஒருவனான ஆர்லோவின் பண்ணையில் நோரீன் என்ற கறுப்பு வெள்ளை மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டு பேர் வேலியோரம் கையில் பீரோடு நின்றோம். மாடு முதலில் ஜீன் டெஸ்மரின் கட்டத்தில் புல் மேய்ந்தது. ஜீன் எங்கள் சட்ட ஆலோசகன், ஊரில் பார்க்கிங் அபராத வழக்குகளை மட்டும் எடுப்பவன்.

"அங்கேயே இரு கண்ணு! அவசரமே இல்ல!" என்று கெஞ்சினான் ஜீன்.

"மாட்டை மிரட்டுறான், கமிஷனர்!" என்றான் ஒருவன்.

"இது மிரட்டலா? நான் என் பெண்டாட்டிகிட்டகூட இப்படிக் குழைஞ்சு பேசினதில்ல."

மாடு நகர்ந்தது. வாலைத் தூக்கியது. வயதான ஆண்கள், பேரப்பிள்ளை பார்த்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள், குதித்தோம். சாணி விழுந்தது. வெர்லினின் கட்டத்துக்கும் ஜீனின் கட்டத்துக்கும் நடுவே, கோட்டின் மேல், இரண்டு பக்கமும் சமமாக.

ஜீன் தன் கட்சிக்காகத் தானே வாதாடினான். பிறகு சட்ட ஆலோசகன் என்ற முறையில் தன் வாதத்தை ஆராய்ந்து, அதில் நியாயம் இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னான். ராண்டல் அதை ஏற்கவில்லை. கோட்டின் வழியே கொத்தனார் கரணையால் சாணியைப் பிரித்து, மீன் எடை பார்க்கும் தராசில் இரண்டு பாதியையும் நிறுக்கச் சொன்னான். வெர்லினின் பாதி கொஞ்சம் கனமாக இருந்தது.

"ஈரம்" என்றான் ஜீன். "அவன் பக்கம் பள்ளம். தண்ணி அங்க வடிஞ்சிருக்கு. சாணின்னா உள்ள இருக்குற சரக்குதான், தண்ணி இல்ல. காஞ்ச எடைதான் செல்லும்."

ராண்டல் தராசைக் கீழே வைத்தான். "ஜீன் சொல்றது நமக்குத் தோணலயேன்னு வெக்கமா இருக்கு" என்றான்.

ஆகவே சாணி காய வேண்டும். இரண்டு தட்டுகளில், ராண்டலின் கேரேஜ் வாசலில், வெயிலில். முறைவைத்துக் காவல் இருந்தோம். நடுவில் மழை வந்தது. என் முறை அன்று வந்ததால் குடைபிடித்து நின்றேன். தெருவில் போன ஒருத்தி என்ன காக்கிறீர்கள் என்று கேட்டாள். நியாயம் என்று சொன்னேன். அவள் வேகமாக நடந்தாள்.

மார்சி எதுவும் சொல்லாதவள். அந்த வாரம் சொன்னாள். வெர்லினே எனக்குச் சொன்னதுதான்.

"துலூத்துல நாம பாத்த வீட்டை வேற ஆளுங்க கேக்குறாங்களாம். நம்ம வீடு ஏன் விக்கலன்னு அதை விக்கிறவங்க கேட்டா நான் என்ன சொல்லணும்? சாணி இன்னும் காயலன்னா?"

"மேல்பக்கம் காஞ்சிருச்சு மார்சி."

"வெர்லின், நான் தனியாகவும் போக முடியும். அத நீ தெரிஞ்சுக்கோ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

காய்ந்த எடையிலும் வெர்லின்தான் ஜெயித்தான். மறுபடியும் பின்னறை. ராண்டல் டை கட்டி வந்திருந்தான்.

"வெர்லின் ஹூக்ஸ்ட்ரா, பன்னிரண்டு இடமும் உன் முன்னால திறந்திருக்கு. எந்த இடம்?"

"ஒண்ணு" என்றான் வெர்லின்.

யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். எங்கள் லீக்கில் இந்தக் கேள்விக்கு யாரும் அந்த மேசையிலேயே பதில் சொன்னதில்லை. அவகாசம் கேட்பார்கள், தேவாலயத்துக்குப் போவார்கள், ஒருத்தன் ஒருமுறை நிபுணரிடம் ஆலோசிக்கிறேன் என்று விமானம் ஏறினான்.

"காரணம்?" என்றான் ராண்டல்.

"காரணம்னா?"

"ஏன் ஒண்ணு?"

"அதுதான் முதல்ல இருக்கு."

முணுமுணுப்பு எழுந்தது. "இவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு" என்றான் என் இடப்பக்கத்தான். "போன வருஷம் கடைசியா வந்தவன்டா" என்றான் வலப்பக்கத்தான். "அதான் சொல்றேன், வேணும்னே வந்திருக்கான்." எனக்கும் சந்தேகம் வந்தது. ஒன்றை அவ்வளவு சாதாரணமாகச் சொல்பவன் எதையோ மறைக்கத்தான் வேண்டும்.

"அப்ப ஏழு" என்றான் வெர்லின், கலவரத்தைப் பார்த்து.

கலவரம் இரட்டிப்பானது. ஒன்றிலிருந்து ஏழுக்கு, நடுவில் உள்ளவற்றை ஒரு வார்த்தை கூடப் பேசாமல் தாண்டியிருந்தான்.

"ஏதோ ஒண்ணு குடுங்கடா, எதுவானாலும் சரி!"

"எதுவானாலும்னு ஒரு இடம் கிடையாது" என்றான் ஜீன்.

"எனக்கு இடமே வேணாம்டா! வாசல்ல இருக்குற அந்தக் கக்கூஸ் போகணும், அவ்வளவுதான்!"

ஜீன் மெதுவாகத் தலையை ஆட்டினான். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க. சொந்த லாபத்துக்காகத் தேர்ந்தெடுக்குறான்."

ராண்டல் எழுந்தான். அவன் பேசியதில் அதுதான் ஆகச் சிறந்தது என்று இன்றும் சொல்வோம்.

"வெர்லின், உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு. காரணமே இல்லாம ஒருத்தன் ஒரு நொடியில ஒரு இடத்தை எடுத்துக்கலாம்னா, நாங்க எல்லாம் இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தோம்? என் மகனோட பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகல. அன்னிக்கு நாலாவது இடமா அஞ்சாவது இடமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீ இப்ப ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போயிட்டா, அந்தப் பையன் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? இங்க யாரும் ஜெயிக்கிறதுக்காக உக்காரல. ஜெயிக்கிறது ரெண்டு பேருக்குத்தான் தெரியும், ஜெயிச்சவனுக்கும் அவன் நாய்க்கும். நாம உக்காந்திருக்கிறது முறைக்காக."

பலர் கண்ணைத் துடைத்தார்கள். வெர்லினின் தேர்வு நிறுத்திவைக்கப்பட்டது. அவனுடைய உரிமை அப்படியே இருக்கும், காரணத்தோடு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். தேர்வு நாள் தள்ளிப்போனது. பீங்கான் அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மார்சிக்குக் கடைசி வாய்ப்பு. ஃபார்கோவிலிருந்து வேலை மாற்றலாகி வந்த ஒரு தம்பதி, கர்ட் லிண்ட்க்விஸ்ட், அவன் மனைவி ஜாய்ஸ், வீடு பார்க்க வந்தார்கள். மார்சி காலையிலேயே பீங்கான்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தாள். யாரோ ஒரு பருத்த ஆள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அழுவதுபோல இருந்தது. அவர்கள் கார் வந்து நின்ற அதே நேரத்தில் ராண்டலின் டிரக்கும் வந்து நின்றது. அவன் ஞாயிறுதோறும் விளக்குகளைச் சோதிப்பான். நான் அவனுக்கு ஏணி பிடிக்க வந்திருந்தேன். பீங்கானுக்கு எதற்கு ஏணி என்று நான் கேட்டதில்லை.

ராண்டல் இறங்கி, யாரையும் பார்க்காமல், விரிப்பை எடுத்து, கொடியை மடிப்பதுபோல நாலாக மடித்து மார்சியிடம் கொடுத்தான்.

"கர்ட், காருல ஏறு" என்றாள் ஜாய்ஸ்.

கர்ட் ஏறவில்லை. தொப்பியைக் கழற்றினான். "இது... கடைசியா வந்தவருக்கா?"

"ஆமா" என்றான் வெர்லின் சோர்வாக.

"எங்க ஊர்ல மீன் வேஷம் போடச் சொல்லுவாங்க. இந்த அளவுக்கெல்லாம் எங்ககிட்ட தரம் இல்ல." கர்ட் பீங்கானைச் சுற்றி வந்தான். "நான் ஊரை விட்டுக் கிளம்பின மறுநாளே லீக்ல என் இடத்தை என் மச்சானுக்குக் குடுத்துட்டாங்க. ஒரு போன்கூடப் பண்ணல."

"ஐயோ பாவம்" என்றான் ராண்டல், மனதாரவே.

"இந்த வருஷ வரிசை முடிவாயிடுச்சா?"

"முதல் உரிமை இவன்கிட்ட இருக்கு. இன்னும் தேர்ந்தெடுக்கல."

கர்ட் வெர்லினைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை. "வீட்டை வாங்கினா, அந்த உரிமையும் சேர்ந்து வருமா?"

"கூரை ஒழுகுமான்னு கேளு கர்ட்" என்றாள் ஜாய்ஸ்.

ராண்டல் வானத்தைப் பார்த்தான். எங்கள் லீக்கில் சேர வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்பது அதுதான் முதல்முறை. "லீக்ல இடம் ஆளுக்குச் சொந்தமில்ல" என்றான் மெதுவாக, சாசனத்தை அங்கேயே மனதில் எழுதிக்கொண்டு. "அது பீங்கானுக்குச் சொந்தம். பீங்கான் இந்தப் புல்வெளியில இருக்கு. அதனால..."

"ராண்டல், உன் வாயில சர்க்கரைதான் போடணும்டா" என்றான் வெர்லின்.

"கமிஷனர்."

"கமிஷனர்! ஐயா! எஜமான்! என்ன வேணும்னாலும் கூப்பிடுறேன்!"

"கூரை ஒழுகுமா?" என்று ஜாய்ஸ் இரண்டாம் முறை கேட்டாள். ஆண்கள் யாருக்கும் காதில் விழவில்லை. "ஒழுகாது, உள்ள வாங்க" என்று மார்சி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பெண்களும் சமையலறையில் உட்கார்ந்து வீட்டு வியாபாரத்தை முடித்தார்கள். ஜாய்ஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: அந்தச் சாமான் போக வேண்டும். வாசலுக்கு வந்து கேட்டாள்.

"நான் இடத்தைச் சொன்னதும் தேர்வு நடக்கும், அது முடிஞ்சதும் இவரே தூக்கிட்டுப் போயிடுவாராம்" என்றான் கர்ட். "ஒரு வாரம் தாங்காது, ஜாய்ஸ்."

ஜாய்ஸ் நம்பினாள். அவளுக்கு எங்களைத் தெரியாது.

கர்ட்டைப் பின்னறையில் நேர்காணல் செய்தோம். ராண்டல் ஒரே கேள்விதான் கேட்டான்: எந்த இடம்? கர்ட் எழுந்து ஒன்றிலிருந்து தொடங்கினான். ஒன்றின் மகிமையைச் சொன்னபோது, இத்தனை நாள் ஒன்றை அவமதித்தோமே என்று எங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. உடனே அதை அவனே உடைத்தான். இரண்டு, முதல்வனின் தவறுக்காகக் காத்திருப்பவனின் இடம் என்றான். ஐந்தைப்பற்றி அவன் பேசியபோது பரிமாறுகிறவள்கூடத் தட்டோடு நின்றுவிட்டாள். பன்னிரண்டுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி பதினொன்றுக்குத் திரும்பினான், பாம்புபோலவே. ஜீன் அழுதான்.

"அப்ப உங்க இடம்?" என்றான் ராண்டல்.

"இன்னும் ஆழமா யோசிக்கணும்" என்றான் கர்ட்.

எழுந்து நின்று கைதட்டினோம்.

வெர்லினும் மார்சியும் அந்த வாரமே கிளம்பினார்கள். வாடகை வண்டியில் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு, வெர்லின் புல்வெளிப் பக்கம் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். மார்சி ஓட்டினாள்.

சீசன் தொடங்கியது. கர்ட் யோசித்துக்கொண்டிருந்தான். நிஜ வீரர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், முழங்காலை உடைத்துக்கொண்டார்கள். எங்களில் யாருக்கும் அவர்களில் யாரும் சொந்தமில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கூடினோம். கர்ட் எட்டுவரை வந்து மறுபடி மூன்றுக்குப் போவான். நவம்பரின் நன்றிப் பெருநாள் போனது. பனி விழுந்தது. பீங்கான்மேல் பனி ஏறி உட்கார்ந்தது, ஜாய்ஸ் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனாள், வரவில்லை. கர்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அமைதி இருந்தால் யோசனை தெளியும் என்றான்.

ஆண்டு விருந்தில் ராண்டல் பேசினான். "லீக் வரலாற்றுல முதல்முறையா இந்த வருஷம் யாரும் தோக்கல. ஒரு புகார் இல்ல. ஒரு தப்பான தேர்வு இல்ல. முறை தன் உச்சத்தைத் தொட்டிருக்கு."

கைதட்டி முடித்தபோது என் போனில் வெர்லினிடமிருந்து ஒரு படம் வந்தது. துலூத் வீட்டின் முன்பக்கம். புல்வெளி முழுக்க வெறும் பனி. அதில் எதுவும் இல்லை. கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

படம் மேசையைச் சுற்றியது.

"என்ன சொல்ல வர்றான்?" என்றான் ராண்டல்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாம ஒருத்தன் படம் அனுப்புவானா?" ஜீன் போனை வாங்கிப் பெரிதாக்கினான். பனிக்குப் பின்னால் ஒரு வேலி தெரிந்தது. விரலை வைத்து எண்ணினான். "வேலிக் கம்பம் ஏழு. அன்னிக்கும் ஏழுன்னுதானே சொன்னான்?"

அறை எழுந்தது. "நான் சொன்னேனே, அவனுக்கு என்னமோ தெரியும்!" என்று ஒருவன் கத்தினான். கர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து போனைக் கையில் வாங்கினான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். நெடுநேரம் பார்த்தான்.

"இந்த ஓரத்துல ஒரு கம்பம் பாதிதான் தெரியுது" என்றான். "அதைச் சேத்தா எட்டு. சேக்கணுமா?"

ராண்டல் சாசனத்தைத் திறந்தான். நல்ல கேள்வி.